சாக் பெயின்ட்டும் ஒரு கட்டைவிரல் நகமும்

அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து, மிகக் குறைவான பொருட்களை வாங்கி மிக அதிகமான பொருட்களைப் பரிசோதித்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் தெரு நகக்காரம்மாவுக்குத்தான் முதல் பரிசு. அந்தக் கோப்பையையும் அவர் சும்மா வாங்கிக்கொள்ள மாட்டார். திருப்பிப் பிடித்து, அடிப்பக்கத்தை வலது கட்டைவிரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து, "தகரத்துல முலாம் பூசியிருக்கானுவ" என்று மேடையிலேயே சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

நகக்காரம்மா என்பது தெரு வைத்த பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. கார்டை ரேஷன் கடைக்காரரிடம் நீட்டும்போதுகூட ஒரு முனையைத் தன் கையிலேயே பிடித்திருப்பார் என்பதால் அதை முழுசாகப் படித்தவர்கள் யாரும் இல்லை. மற்ற விரல்களின் நகங்களை ஒட்ட வெட்டிவிடுவார். வலது கட்டைவிரலுக்கு மட்டும் விலக்கு. அந்த நகத்தால் பூண்டு உரிக்க மாட்டார், கொசுக்கடியைச் சொறிய மாட்டார். அது வேலைக்கான நகம் அல்ல, விசாரணைக்கான நகம்.

நாங்கள் சிரித்தே அந்த நகத்தை வெட்ட வைத்திருப்போம். எங்கள் கெட்ட நேரம், ஒருமுறை அவர் சந்தேகம் பலித்துவிட்டது. நாட்டுக்கோழி முட்டை என்று சொல்லி மொபெட்டில் கூடையோடு ஒருவர் வந்தார். நகக்காரம்மா ஒரு முட்டையை எடுத்து ஒரு கீறு கீறினார். பழுப்பு நிறம் நகத்தோடு வந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று பண்ணை முட்டை. தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டுக் கொண்டுவந்திருக்கிறார் மனிதர். மொபெட் போன வேகத்தில் கூடையில் பாதி ஆம்லெட் ஆகியிருக்கும். அன்றோடு தெருவுக்கு வாய் அடைத்துப் போனது. "முட்டையில கண்டுபுடிச்சேன்ல?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், எதையும் அவர் சுரண்டலாம்.

கல்யாண மேடையில் மொய்க்கவர் கொடுக்கும் சாக்கில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மோதிரத்தைச் சுரண்டியதும் உண்டு. அது வீடியோவில் பதிவாகியிருக்கிறது. மாப்பிள்ளை வெட்கத்தில் நெளிகிறார் என்று நினைத்து, அந்த இடத்துக்கு ஒரு காதல் பாட்டைச் சேர்த்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவர் குடியிருக்கும் தெருவில் நான் கடை வைத்தேன். பழைய மேசை, நாற்காலி, அலமாரிகளுக்குச் சாக் பெயின்ட் அடித்துக் கொடுக்கும் கடை. திருச்சியில் ஒரு பெரிய பர்னிச்சர் கடையில் கணக்கு எழுதப் போன இடத்தில், கணக்கைவிட அந்த வேலைதான் எனக்குப் பிடித்துப்போனது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடப் படி ஏறி, கல்லூரிப் படியும் ஏறி, பட்டத்தோடு இறங்கிய முதல் ஆள் நான். அதனால் கடை போர்டில் என் பெயருக்குப் பக்கத்தில் பி.காம். என்பதைப் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதச் சொல்லியிருந்தேன்.

போர்டை மாட்டுவதற்கு முன்பே நகக்காரம்மா வந்துவிட்டார்.

"இந்த பி.காமு ஒட்டுனதா, எழுதுனதா?"

"எழுதுனது அத்தை."

"அழியாதுல்ல?"

"பரீட்சை எழுதி வாங்குனது அத்தை. எப்படி அழியும்?"

"நான் பெயின்ட்ட சொன்னேன் புள்ள" என்று சொல்லி, 'பி' எழுத்தின் வாலை ஒரு கீறு கீறிவிட்டு உள்ளே நுழைந்தார்.

உள்ளே பாதி அடித்த ஒரு அலமாரி நின்றது. "இது என்ன பெயின்ட்டு? பளபளப்பே இல்ல?"

"சாக் பெயின்ட் அத்தை. சுண்ணாம்புத் தூள் கலந்தது. பழைய வார்னிஷ உரிக்க வேண்டியதில்ல. எண்ணெய்ப் பிசுக்க மட்டும் துடைச்சுட்டு மேலயே அடிக்கலாம், பிடிச்சுக்கும்."

"பள்ளிக்கூடத்துல எழுதி எழுதி அழிக்கிறாங்களே, அந்த சாக்கா?"

"அதுக்குத் தூரத்துச் சொந்தம்."

"அப்ப அழிஞ்சுரும்."

"அதுக்குத்தான் அத்தை மேல மெழுகோ வார்னிஷோ ஓட்டுறோம். அதுதான் காவல்."

நகக்காரம்மா அலமாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பெயின்ட்டுக்குக் காவலா ஒரு பூச்சு. சரி. அந்தப் பூச்சுக்கு யாரு காவல்?"

பி.காம். பாடத்திட்டத்தில் இதற்கு விடை இல்லை.

இந்த வேலையில் ஒரு அழகு உண்டு. பெயின்ட் காய்ந்த பிறகு விளிம்புகளில் உப்புத்தாளால் வேண்டுமென்றே தேய்த்து, உள்ளே இருக்கும் மரம் அங்கங்கே தெரியும்படி விடுவோம். பழங்காலச் சாமான் போல இருக்கும். திருச்சியில் அதற்குத்தான் மவுசு. அப்படித் தேய்த்து வைத்த ஒரு நாற்காலியைப் பார்த்ததும் நகக்காரம்மாவின் முகம் மாறிவிட்டது.

"இத யாரு சுரண்டுனா?"

"நான்தான் அத்தை."

"வித்த பொருளயா?"

"விக்கப் போற பொருள்."

தன் தொழிலுக்கு ஒரு போட்டி வந்துவிட்டதைப் போல அவர் என்னைப் பார்த்தார். "எனக்கு முன்னாடியே நீயே சுரண்டிட்டா, நான் எத வச்சு நம்புறது?"

அதன் பிறகு தினமும் வந்தார். நேற்று அடித்தது, இன்று அடித்தது, இனிமேல் அடிக்கப்போவது எல்லாவற்றிலும் 'கர்ர்ரக்' என்று ஒரு கோடு. அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குப் பல் கூசும். கூடவே எனக்கும் சந்தேக வியாதி தொற்றிக்கொண்டது. காரணம் இருந்தது. என் கடையிலிருந்து கிளம்பினால் அவர் வீட்டுக்குப் போவதில்லை. நேராக எதிர்க் கடைக்குப் போவார். எதிர்க் கடை, அழுத்திய மரத்தூள் பலகையில் பளபளப்புத் தாள் ஒட்டிய ரெடிமேட் சாமான்கள் விற்கும் கடை. நம் கடையின் குறைகளையெல்லாம் அங்கே போய் ஒப்பிக்கிறாரோ என்று எனக்குள் ஒரு குடைச்சல். ஒருநாள் அந்தக் கடை அண்ணனே ரோட்டைத் தாண்டி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏன் தங்கச்சி, தொழில்ல போட்டி இருக்கலாம். அதுக்காக இப்படியா?"

"என்னண்ணே?"

"அந்த நகக்காரம்மாவ தெனமும் எங்கடைக்கு நீதான அனுப்புற? ஒவ்வொரு பீரோவுலயும் ஓரத்துல தாள உரிச்சுப் பாத்துட்டுப் போவுது!"

சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. நானும் அவரை முழுதாக நம்பவில்லை. எங்கள் தெருவே அப்படி ஆகிவிட்டது.

ஆண்டிமடத்தில் எங்கள் வீட்டில் நிலைமை வேறு மாதிரி. அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். "படிக்க வச்சது பிரஷ் புடிக்கவா? பொங்கல் வரைக்கும் பாக்குறேன். அப்புறம் மாமா சொன்ன சிமெண்ட் ஆலை ஆபீஸ் வேலைக்குப் போயிடு" என்று கெடு வைத்திருந்தார். கடை பிழைக்க வேண்டுமென்றால் பொங்கலுக்குள் ஊர் பார்க்கிற மாதிரி ஒரு பெரிய ஆர்டரை முடித்துக் காட்ட வேண்டும்.

அப்போதுதான் பெரம்பலூர் மேடம் வந்தார். பெரம்பலூர் பைபாஸில் டிபன் ஹோட்டல் திறக்கப் போகிறார். இடித்த வீடு ஒன்றிலிருந்து நீண்ட சாப்பாட்டு மேசைகளும் பெஞ்சுகளும் வாங்கி வைத்திருக்கிறார். அவற்றுக்கு மோர் நிறத்தில் சாக் பெயின்ட் அடிக்க வேண்டும்.

"இந்தாம்மா, நேராவே கேக்குறேன். சாம்பார் கொட்டும். பசங்க ஸ்பூனால குத்துவாங்க. தெனம் பத்து தடவ ஈரத்துணியால துடைப்போம். நிக்குமா?"

"சாக் பெயின்ட் மட்டும்னா நிக்காது மேடம். மெழுகும் சாப்பாட்டு மேசைக்கு ஆகாது, சூடு பட்டா வளையம் விழும். வார்னிஷ மெல்லிசா மூணு நாலு கை ஓட்டணும். ஓட்டிட்டு மூணு வாரம் இறுக விடணும். அப்புறம் நிக்கும்."

மேடம் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் போனதும் மூலையிலிருந்து ஒரு குரல்.

"அந்தம்மாவ நம்பாத."

"ஏன் அத்தை?"

"கார் கதவத் தெறந்து வச்சுட்டே பேசுனா. ஓடிப்போற எண்ணம் இருக்கறவங்கதான் அப்படி வைப்பாங்க."

ராத்திரி பகலாக வேலை பார்த்தேன். எங்கள் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி ஓயாமல் போகும். ஈரப் பெயின்ட்டில் புழுதி உட்காரும். கதவைச் சாத்திக்கொண்டு வியர்வையில் நனைந்து அடித்தேன். ஆயுத பூஜைக்கு முன்பே எல்லா மேசைக்கும் பெயின்ட் முடிந்தது. பூஜை முடிந்து வார்னிஷ் ஓட்டினால் திறப்பு விழாவுக்குள் தாராளமாக இறுகிவிடும். கணக்கு கச்சிதம்.

ஆயுத பூஜைக்கு ஆண்டிமடத்திலிருந்து அம்மா வந்தார். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கறுத்துப்போன கைகள். மகள் கடையின் முதல் பூஜை. நான் பொரியும் அவலும் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் கடையைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார். பிரஷ்களுக்குப் பொட்டு. டப்பாக்களுக்குப் பொட்டு. அதோடு விட்டாரா? ஒவ்வொரு மேசையின் நடுவிலும், ஒவ்வொரு பெஞ்சிலும் குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் இழுத்து, நடுவில் ரூபாய்க் காசு அகலத்துக்குக் குங்குமம். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் குழைத்த குங்குமம்.

வார்னிஷ் ஓட்டாத சாக் பெயின்ட் தாகத்தோடு காத்திருக்கும் வறண்ட நிலம் மாதிரி. எதைக் கொடுத்தாலும் குடிக்கும். அம்மா கொடுத்த குங்குமத்தை அது அடி வரைக்கும் குடித்திருந்தது.

"எப்படிடி இருக்கு?" என்றார் அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக.

நான் வாயைத் திறப்பதற்குள் நகக்காரம்மா திறந்தார். "ஏ ஆத்தா, குங்குமம் எங்க வாங்குன?"

"ஆண்டிமடம் கடையில."

நகக்காரம்மா ஒரு பொட்டைச் சுரண்டி மோந்து பார்த்தார். "இது மஞ்சள்ல செஞ்ச குங்குமமா? வெறும் சாயம்! இவ பெயின்ட்டும் கலப்படம், உன் குங்குமமும் கலப்படம். ரெண்டும் ஒன்னுக்கொன்னு ஒட்டிக்கிச்சு."

"சாமி குங்குமத்தச் சொல்லாத! நீ யாருடி அம்மா எம் மவ கடையில வந்து?" என்று அம்மா எகிற, நல்ல நாளில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே தட்டில் பொரி தின்றார்கள்.

துடைத்தேன், போகவில்லை. மேலே இன்னொரு கை பெயின்ட் அடித்தேன். மறுநாள் காலையில் ஒவ்வொரு மேசையும் வெற்றிலை போட்ட வாய் மாதிரி லேசாகச் சிவந்து என்னைப் பார்த்தது. மறுபடி அடித்தேன், மறுபடி சிவந்தது. கடைசியில் அந்த இடங்களைத் தேய்த்து எடுத்து, அரக்கைக் கரைத்துப் பூசிக் கறையின் வாயை அடைத்து, அதன் மேல் புதிதாகப் பெயின்ட் அடித்து, வார்னிஷ் ஓட்டி முடித்தபோது திறப்பு விழாவுக்கு மூன்றே நாள்தான் இருந்தது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மேடம் குட்டியானை வண்டியோடு வந்து இறங்கினார். மேசைகள் பார்க்க அழகாக இருந்தன. மேடம் கையால் தடவிச் சந்தோஷப்பட்டார். நான் பேசாமல் இருந்திருந்தால் வண்டியில் ஏறியிருக்கும். ஆனால் என் பெயர் போட்ட கடை.

"மேடம், ஒன்னு சொல்லணும். இது முந்தாநாள் ஓட்டுன வார்னிஷ். தொட்டா காஞ்சிருக்கும். உள்ள இன்னும் இறுகல."

மேடத்தின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "நாளைக்குத் தெறப்பு. இப்ப வந்து இறுகலங்கிற?" சுற்றிப் பார்த்தவரின் கண் மூலையில் இருந்த நகக்காரம்மா மேல் நின்றது. "ஏம்மா, நீங்கதான முட்டையச் சுரண்டிக் கண்டுபுடிச்சவங்க? எங்க நாத்தனா இங்கதான் இருக்கா, சொல்லியிருக்கா. நீங்க ஒரு கீறு கீறிப் பாருங்க. தாங்கும்னா ஏத்துறேன். இல்லன்னா எதிர்க் கடையில ரெடிமேடா எடுத்துட்டுப் போயிட்டே இருக்கேன்."

எதிர்க் கடை அண்ணன் வாசலுக்கே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் கடை, அப்பாவின் கெடு, பி.காம். எல்லாம் ஒரு கட்டைவிரலின் நுனிக்குப் போய்ச் சேர்ந்தது. இத்தனை மாதமாக ஒரு பொருளையாவது நல்லது என்று சொல்லியிராத கட்டைவிரல்.

நகக்காரம்மா எழுந்தார். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார். மேசை மேல் குனிந்து, விரலை வைத்து, நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார்.

"ஒன்னும் ஆகல. ஏத்துங்க" என்றார்.

மேடம் பெருமூச்சு விட்டார். எனக்கு மட்டும் எங்கோ இடித்தது. 'கர்ர்ரக்' கேட்கவில்லையே! விரலைப் பார்த்தேன். கட்டைவிரலைத் திருப்பி வைத்திருந்தார். நகம் மேலே இருந்தது. மேசையைத் தொட்டது வெறும் சதை. ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்ட நகக்காரம்மா எனக்காக ஒரு கள்ளச் சாட்சி சொல்லியிருந்தார்.

நன்றி சொல்ல வேண்டிய இடம்தான். எனக்கோ சுள்ளென்று ஏறியது. நான் அடித்த மேசைக்குப் பொய்ச் சாட்சியா?

"அத்தை, நகத்தால சுரண்டுங்க."

"வாய மூடு புள்ள" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நகத்தால."

"சொன்னா கேளுடி. வண்டி நிக்குது."

"நகத்தால சுரண்டுங்க அத்தை!"

அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "அனுபவி" என்று சொல்லி இழுத்தார் பாருங்கள் ஒரு இழுப்பு. கர்ர்ரக்! ஒரு சாண் நீளத்துக்கு வார்னிஷும் பெயின்ட்டும் சுருண்டு வர, உள்ளே பழைய மரத்தின் கறுப்பு தெரிந்தது. மேடம் "அய்யய்யோ" என்றார். எதிர்க் கடை அண்ணன் ரோட்டைத் தாண்டவே ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், ஒரு டீ குடிங்க. அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க" என்றேன். நைசான உப்புத்தாளால் கோட்டின் ஓரங்களைத் தேய்த்தேன். சின்ன பிரஷால் பெயின்ட்டை ஒற்றினேன். சாக் பெயின்ட் டீ ஆறுவதற்குள் காய்ந்துவிடும். மறுபடி ஒற்றினேன். இரண்டாவது டீ வந்தது. வார்னிஷை மெல்லிசாக இழுத்துவிட்டேன். மூன்றாவது டீயை மேடம் வேண்டாம் என்றதும், "இப்ப பாருங்க, எந்த இடம்?" என்று கேட்டேன்.

மேடம் கண்ணாடி போட்டுத் தேடினார். செல்போன் டார்ச்சை அடித்துத் தேடினார். எதிர்க் கடை அண்ணனும் குனிந்து பார்த்தார். கடைசியில் நகக்காரம்மா மேசைக்குச் சமமாகக் கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "இங்கதான புள்ள இருந்துச்சு? எங்க போச்சு?" என்று அவர் கேட்டதில் நிஜமான திகில் இருந்தது.

"கீறலே விழாதுன்னு நான் சொல்ல மாட்டேன் மேடம். எல்லாத்துலயும் விழும். அண்ணன் கடைப் பலகையில தாள் ஒருதடவ உரிஞ்சா உரிஞ்சதுதான். இது அப்படியில்ல, விழுந்த எடத்த மட்டும் சரி பண்ணிக்கலாம். மூணு வாரத்துக்கு மேசை மேல ஒரு விரிப்பு போட்டு எலை போடுங்க. அப்புறம் விரிப்ப எடுத்துடுங்க. இறுகினதுக்கு அப்புறம் அத்தையவே கூட்டிட்டு வரேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். பிறகு டிரைவரைப் பார்த்து, "ஏத்துப்பா" என்றார். வண்டியில் ஏறியவர் தலையை மட்டும் வெளியே நீட்டி, "அந்தம்மாவ ஒருநாள் கண்டிப்பா அனுப்பும்மா. எங்க பாத்திரம் கழுவுற பசங்க ஒழுங்கா தேய்க்கிறானுங்களான்னு பாக்கணும்" என்றார்.

பொங்கல் வந்தது, போனது. அப்பா அந்த ஹோட்டலில் லாரியை நிறுத்தி இட்லி சாப்பிட்டிருக்கிறார். முன்பின் தெரியாத நாலு பேரிடம் மேசையைத் தட்டிக் காட்டி, "எம் பொண்ணு அடிச்சது. பி.காமு" என்று சொன்னதாகக் கேள்வி. சிமெண்ட் ஆலை ஆபீஸ் பேச்சு அதோடு நின்றது.

"அன்னிக்கு ஏன் அத்தை சதையால தடவுனீங்க?" என்று நகக்காரம்மாவிடம் ஒருநாள் கேட்டேன்.

"நகத்துல வலி."

"நகத்துல எப்படி அத்தை வலிக்கும்?"

"படிச்ச புள்ளதான நீ? போய்ப் படிச்சுத் தெரிஞ்சுக்க."

போன மாதம் அவர் திருமழபாடியில் தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினார். பையோடு கடைக்கு வந்தவர், இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"சாயங்காலம் லைட்டப் போட்டுக் காலையில அணைச்சுடு. வூட்ல ஆளு இருக்குன்னு நெனைக்கட்டும். உள்ள எதையும் தொடாத."

"தொடாம எப்படி அத்தை லைட் போடுறது?"

"சுவிட்ச மட்டும் தொடு."

திரும்பி வந்ததும் வீட்டுக்குள் போய்ப் பாத்திரங்களை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார். சாவியை மூக்கருகே கொண்டுபோனார். "சோப்பு வாசன அடிக்குது. கள்ளச் சாவிக்கு அச்சு எடுத்தியா?"

"கை கழுவுனேன் அத்தை."

"ம்" என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தங்கை வீட்டு அதிரசம் இரண்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து அவர் மகன் வந்திருந்தார். என் கடை வாசலில் தயங்கி நின்று, "ஏம்மா, எங்கம்மா உங்ககிட்ட சாவி குடுத்துட்டுப் போனாங்களா? நெசமாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நான் இன்னமும் வெளிய நின்னுதான் கதவத் தட்டுறேன். ஜன்னல் வழியா பாத்து, நான்தானான்னு கேட்டுட்டுத்தான் தெறக்குறாங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் பிரஷைக் கழுவுவதாகச் சொல்லிக் கடையின் பின்பக்கம் போனேன். கண் கலங்கியிருந்தது. பெயின்ட் நெடி என்று சொல்லிச் சமாளிக்கவும் வழியில்லை. சாக் பெயின்ட்டுக்கு நெடியே கிடையாது.